ஒத்திகையில் சொல்லாத வரி

நியூ ஹேவன்
அக்டோபர் 8, 1956

அன்புள்ள ஆர்டித்,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்தும் அடுப்பில் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், நன்றி. போன கிறிஸ்துமஸ் சண்டைக்குப் பிறகு நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று காத்திருந்ததிலேயே ஒரு கோடை போய்விட்டது. நானே தோற்றுப்போகிறேன்.

ஒரு நாடகத்தை இயக்குகிறேன். சினிமா இல்லை, மேடை. இந்த மாதக் கடைசியில் நியூ ஹேவனில் போட்டுப் பார்த்துவிட்டு நியூயார்க்குக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஒரு விதவை, அவள் விற்கப்போகும் வீடு, அதைப் பார்க்க வருகிறவர்கள். கதை அவ்வளவுதான். விதவையாக நடிக்க வந்த மார்சியா வென் போன வாரம் கிளம்பிப் போய்விட்டாள். "கொஞ்சம் குறைச்சுப் பண்ணு" என்று சொன்னேன். அது தப்பாகிவிட்டது. "மேடை ஏறியே வருஷக்கணக்காச்சு, இவ எனக்கு நடிப்புச் சொல்லித் தர்றாளா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

தயாரிப்பாளர் ஹாலர் ஒரு நிமிடம்கூட வருத்தப்படவில்லை.

"வேற ஆள் எதுக்கு? முழு நாடகமும் உனக்குத் தெரியும். நீயே விதவை, நீயே டைரக்டர். பேப்பர்காரன் துள்ளிக் குதிப்பான்."

"நான் நடிக்கிறதை விட்டுட்டேன், ஹாலர்."

"சிகரெட்டைக்கூடத்தான் விட்டுட்டேன்னு சொன்னே. விரல் நடுவுல என்ன புகையுது?"

பிறகு சிரிக்காமல் சொன்னான்: நான் ஏறவில்லை என்றால் நாடகத்தை இங்கேயே மூடிவிடுவானாம். அடுத்து என்னை யார் கூப்பிடுவார்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. நான் ஒப்புக்கொண்டேன்.

அம்மா எப்படி இருக்கிறாள்? ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். அவளுக்கு இந்த மறதி எப்போது தொடங்கியது, முதலில் எதை மறந்தாள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

வெர்னா


மன்சி, இண்டியானா
அக்டோபர் 12

வெர்னா,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அம்மாவைப் பற்றிய கேள்வி நான்காவது பக்கத்தின் அடியில், மடிப்புக்குக் கீழே இருக்கிறது. என் வேதியியல் வகுப்பில் பிள்ளைகள் உண்மையிலேயே கேட்க வந்ததை மணி அடிக்கும்போதுதான் கேட்பார்கள். ஆகவே அந்த மடிப்புக்குக் கீழே இருப்பதுதான் கடிதம், மற்றதெல்லாம் உறை என்று எடுத்துக்கொண்டேன்.

எதற்குக் கேட்கிறாய்? நீ இயக்கிய கடைசிப் படத்தில் ஒரு கிழவி கைப்பையில் கரண்டிகளை ஒளித்து வைப்பாள். பேசும்போது அவை ஒவ்வொன்றாகக் கீழே விழும். அவை அம்மாவின் கரண்டிகள். தியேட்டரில் என் பக்கத்து இருக்கைப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிறிஸ்துமஸ் அன்று இதைத்தான் சொன்னேன். நீ சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து ரயிலுக்குப் போய்விட்டாய். இப்போது இன்னொரு படத்துக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமா?

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான் பள்ளிக்குப் போயிருக்கும்போது பக்கத்து வீட்டு மிஸஸ் பிக்கார்ட் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அம்மாவுக்கு நான் மகள் இல்லை, அவள் நாடகத்தில் நடித்த காலத்தில் உடை மாற்றிவிட்ட வேலைக்காரி. நேற்றுக் காலை கேட்டாள்:

"ரெண்டாவது அங்கத்துக்கு நீலக் கவுன் எங்கடி?"

"சலவைக்குப் போயிருக்கு, மேடம்."

"எப்பப் பாரு இதே பதில். உன்னை வேலையை விட்டே தூக்கச் சொல்றேன் பாரு."

"தூக்குங்க. சந்தோஷமாப் போறேன்."

கொஞ்சம் யோசித்தாள். "வேணாம். அடுத்து வர்றவ உன்னைவிட மோசமா இருப்பா."

இந்த வீட்டில் இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான்.

முதலில் எது மறந்தது என்பதை உனக்குச் சொல்ல மாட்டேன். படத்துக்கு வேண்டும் என்றால் நீயே கற்பனை செய்துகொள். அதற்குத்தானே உனக்குச் சம்பளம்.

ஆர்டித்


நியூ ஹேவன்
அக்டோபர் 16

ஆர்டித்,

கரண்டிகளை அம்மாவிடமிருந்துதான் எடுத்தேன். ஆனால் இந்தக் கேள்வி படத்துக்காக இல்லை. எனக்காக.

யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். சிகாகோவில் ஒரு மதியக் காட்சி. மூன்றாவது அங்கத்தில் வாயைத் திறந்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. மறந்த சொல் நாக்கு நுனியில் நிற்கும் என்பார்களே, அப்படி இல்லை. நாக்கே இல்லாத மாதிரி. எதிரில் நின்ற நடிகர் நல்லவர், என் வசனத்தையும் கேள்வி மாதிரி அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக் கடத்திவிட்டார். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும், அந்த இடம் வருவதற்கு முன்பே, முதுகில் வேர்த்துவிடும்.

அதனால்தான் கலிபோர்னியா போனேன். நீச்சல் குளத்துக்காகப் போனேன் என்று நீ சொல்வாய். சினிமாவில் காலையில் அரைப் பக்கம் படித்தால் போதும். மாலையில் அதை மறந்துவிடலாம், மறுநாள் வேறு அரைப் பக்கம் கொடுப்பார்கள். நாயகியின் அக்கா, நாயகனின் முதல் மனைவி, கண்டிப்பான நர்ஸ். பத்து வருடம் எனக்குச் சோறு போட்டது அந்த அரைப் பக்கம்தான். பிறகு ஒரு சின்னப் படத்தின் நடுவில் இயக்குநர் நிமோனியாவில் படுத்தார். வேறு ஆள் கிடைக்கும்வரை இவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று வசனப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்கள். துணிச்சல், லட்சியம், ஆண்களின் உலகத்தில் ஒரு பெண் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. ஆர்டித், நான் இயக்குநர் ஆனதற்குக் காரணம் ஒன்றுதான். இயக்குநர் கையில் புத்தகம் இருக்கலாம். அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா நமக்கு எழுத்துக் கற்றுத்தருவதற்கு முன்பே கற்றுத்தந்த விதி உனக்கு நினைவிருக்கும். நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. முதல் நாள், கூட்டத்தின் முன்னால்தான் அது முதன்முதலாகக் காதில் விழ வேண்டும். முன்பே சொன்னால் நாடகம் திறப்பதற்கு முன்னாலேயே முடிந்துபோகுமாம். எங்கள் குழுவில் வயதான ஓட்டிஸும் மேடை மேலாளர் கஸ்ஸும் இதை வேதமாகக் காப்பாற்றுகிறார்கள். அந்த வரி வரும் இடத்தில் "திரை" என்று மட்டும் சொல்ல வேண்டும். விளக்குக்காரன் அதைக் கேட்டு இருட்டாக்குவான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் நடிகர்களிடம் வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நேற்று முன்தினம் கடைசிவரை வந்தோம். "திரை" என்று சொல்லிவிட்டு நின்றேன். விளக்கு அணையவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். ஓட்டிஸ் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"என்ன?" என்றேன்.

கஸ் மெதுவாகச் சொன்னான்: "சொல்லிட்டியே, வெர்னா."

"எதை?"

அவர்கள் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வரியை முழுசாக, நல்ல குரலில் சொல்லியிருக்கிறேன். என் காதில் மட்டும் அது "திரை" என்று விழுந்திருக்கிறது.

சிரித்தேன். "வேணும்னேதான் சொன்னேன். போதும் இந்த மூடத்தனம்."

"நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். வேணும்னு யாரும் சொல்லிப் பார்த்தது இல்ல" என்றார் ஓட்டிஸ். "வெளிய போ. மூணு சுத்து சுத்து. கதவைத் தட்டு. நாங்க உள்ள வான்னு கூப்பிட்டப்புறம் வா. தோஷம் கழியும்."

போயிருக்கலாம். ஆனால் போனால் தவறிச் சொல்லிவிட்டேன் என்று ஆகிவிடும். "மணி ஆச்சு, முதல் அங்கத்தை எடுங்க" என்றேன்.

அம்மாவுக்கு முதலில் எது மறந்தது? சொல்.

வெர்னா


மன்சி
அக்டோபர் 20

அன்புள்ள வெர்னா,

உனக்குப் பொய் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். முதலில் அவள் சாவியை மறந்தாள் என்று, எல்லாரும் சொல்கிற மாதிரி. நன்றாகவே எழுதியிருந்தேன். தபால்பெட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்து கிழித்தேன். விளைவைத் திருத்தி எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை.

போர் நடந்துகொண்டிருந்த கோடை அது. கூடார நாடகக் கம்பெனியில் அம்மாவுக்கு அதுதான் கடைசி வருடம். இலினாய்ஸில் ஒரு சோளக்காட்டின் ஓரமாகக் கூடாரம் அடித்திருந்தார்கள். பள்ளி விடுமுறையில் நான் டிக்கெட் கிழிக்கப் போயிருந்தேன். அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. சாவி, பெயர், ஊர் எதையும் அவள் மறந்தது கிடையாது. அன்று காலை புது நாடகத்துக்கு ஒத்திகை. கடைசியில் அம்மா அந்த வரியைச் சொன்னாள். முழுசாக. கூடாரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.

"என்ன எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் அம்மா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் திரைன்னுதானேடி சொன்னேன்?" என்றாள்.

நான் ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

இப்போது ஆசிரியையாகப் பேசுகிறேன். ஒருமுறை நடந்தது சான்று ஆகாது. நீ களைத்திருக்கிறாய், இரண்டு வேலை பார்க்கிறாய், பயந்திருக்கிறாய். பயந்தவள் நாக்கு எதையும் சொல்லும். இதே மாதிரி ஒரு தவறைக் களைப்பும் செய்யலாம், நோயும் செய்யலாம். இங்கிருந்தோ அங்கிருந்தோ பார்த்து எது என்று பிரிக்க முடியாது.

ஆசிரியை போய்விட்டாள். உன் தங்கை பேசுகிறேன். பல வருடங்களாக, பாத்திரம் கழுவும்போது, தனிமங்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஹைட்ரஜனில் தொடங்கிக் கடைசிவரை. பிள்ளைகள் கேட்டால் பழக்கம் என்பேன். பழக்கம் இல்லை. நானும் அவள் மகள்தான். போன மாதம் அருமண் தனிமங்களுக்கு நடுவில் ஒன்று காணாமல் போயிற்று. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கையில் தட்டோடு நின்றேன். மறுநாள் அது வந்துவிட்டது. வந்துவிட்டது என்பதுகூட எனக்கு நிம்மதியாக இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது இரக்கம் இல்லை. துணை கிடைத்ததே என்ற நிம்மதிதான். அசிங்கமான நிம்மதி. மன்னித்துக்கொள்.

கஸ்ஸிடம் உண்மையைச் சொல். கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கச் சொல். நீ தடுமாறினால் எடுத்துக் கொடுப்பான். கிறுக்குத்தனமான கௌரவம் பார்க்காதே.

ஆர்டித்


நியூ ஹேவன்
அக்டோபர் 24

அன்புள்ள ஆர்டித்,

உன் கடிதத்தை ஒத்திகை இடைவேளையில் படித்தேன். "திரைன்னுதானேடி சொன்னேன்" என்ற இடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஓட்டிஸ் காபி கொண்டுவந்தார். "வீட்டுல ஏதாவது கெட்ட செய்தியா?" என்றார். "என் தங்கை சமையல் குறிப்பு அனுப்பியிருக்கா" என்றேன். "அவ்வளவு மோசமா சமைப்பாளா?" என்றார். சிரித்தேன். நல்ல மனிதர். அவரிடமும் சொல்ல முடியாது.

கஸ்ஸுக்குத் தெரிந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஹாலருக்குத் தெரியும், இரவுச் சாப்பாட்டுக்குள் நியூயார்க் முழுக்கத் தெரியும். ஆண் இயக்குநர் ஒருவர் மறந்தால், நேற்று கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டார் என்று சிரித்துவிடுவார்கள். ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. மார்சியா வென் ஒரு விருந்தில் அதைச் சொல்லிக் காட்டினால் போதும். அதற்குப் பிறகு என் கையில் யாரும் புத்தகம் கொடுக்க மாட்டார்கள். புத்தகம் இல்லாமல் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

இப்போது எல்லாவற்றையும் சோதிக்கிறேன். ஹோட்டல் லிஃப்ட் ஓட்டுகிறவர் பெயர். நேற்று என்ன சூப். தாழ்வாரத்தில் எனக்கு எதிர் அறையில் இருக்கும் பெண் என்ன நிறக் கோட்டு. எதையாவது சொல்லத் தாமதமானால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். மறதியைவிட இந்தத் தேடல்தான் என்னைத் தின்கிறது.

நாடகப் பிரதி ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடைசி வரி மிகச் சாதாரணமானது. பால்காரரிடம்கூடச் சொல்லலாம். அறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் சொல்லிப் பார்க்க நினைத்தேன். சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, கவனித்தாயா? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

நாளை மறுநாள் திறக்கிறோம்.

வெர்னா


நியூ ஹேவன்
அக்டோபர் 28

ஆர்டித்,

இத்துடன் பத்திரிகைத் துண்டை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படிக்காதே. நான் சொல்வதைப் படி.

முதல் இரண்டு அங்கமும் தண்ணீர் மாதிரி ஓடின. மேடையில் எனக்கு ஒருகாலத்தில் என்ன பிடித்திருந்தது என்றுகூட நினைவு வந்தது. மூன்றாவது அங்கத்தின் கடைசியில், வந்தவர்கள் எல்லாம் போய்விடுகிறார்கள். விதவை கையில் சாவியோடு வாசலில் தனியாக நிற்கிறாள். அந்த வரியைச் சொல்கிறாள். இருட்டு.

நின்றேன். வாயைத் திறந்தேன்.

சிகாகோ.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முன்வரிசையில் ஒருவர் இருமலை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஓரத்தில் கஸ் தெரிந்தான். அவனைப் பார்த்தேன். எடுத்துக் கொடு, எடுத்துக் கொடு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் கையில் புத்தகம் இருந்தது. மூடியிருந்தது. என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான், புன்னகையோடு. "திரை" என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. விளக்குக்காரன் எந்த வரிக்குக் காத்திருந்தானோ அந்த வரி வரவில்லை, அவனும் காத்திருந்தான். கடைசியில் கஸ்தான் அவனுக்குச் சைகையாகக் கையை இறக்கினான். இருட்டு. பிறகு கைதட்டல். அது நிற்கவே இல்லை.

உள்ளே வந்ததும் கஸ் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "அன்னிக்கு வேணும்னே சொன்னே. இன்னிக்கு வேணும்னே சொல்லாம விட்டே. பேய்ப் பொம்பளை நீ! ஒரு வார்த்தை எங்கிட்ட முன்னாடியே சொல்லக்கூடாதா?"

புரிகிறதா? ஒத்திகையில் நான் சொன்ன பொய்யை அவன் நம்பியிருந்தான். அதனால்தான் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஹாலர் சுருட்டைக் கடித்துக்கொண்டு வந்தான். "அந்த வரியைத் தூக்கிட்டியே! எழுதினவன் மொதல்ல அழுதான். கைதட்டலைக் கேட்டப்புறம் அது தன்னோட யோசனைதான்னு சொல்லிட்டுத் திரியறான். இதேதான் தினமும். நியூயார்க்லயும் இதேதான்."

ஆகவே இனி ஒவ்வொரு மாலையும் வாசலில் நின்று வாயைத் திறந்து, சொல்லாமல் மூட வேண்டும். எல்லாரும் பாராட்டுகிறார்கள். அந்த வரி என்னிடம் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள இனி எனக்கு வழியே இல்லை. மறதிக்கு நானே மேடை போட்டுக் கொடுத்துவிட்டேன். நேற்று நன்றாகச் செய்தேனாம். நேற்று நான் மௌனமாக நின்றேனா, மறந்துபோய் நின்றேனா? எனக்கே தெரியவில்லை, ஆர்டித்.

இப்போது துண்டைப் படி.

வெர்னா


மன்சி
நவம்பர் 2

அன்புள்ள வெர்னா,

துண்டைப் படித்தேன். அவ்வளவு புகழ்ச்சியை நம்பும் வயது நமக்குப் போய்விட்டது. ஆனால் அதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். செய்திருக்கக்கூடாதோ என்று முதலில் நினைத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். திருத்தவில்லை.

சமையலறை மேசையில் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த நடிகை நீண்ட நேரம் மௌனமாக நிற்பதைப் பற்றி எழுதியிருந்த இடத்தை வாசித்தேன்.

"யாருடி அது?"

"வெர்னா."

பெயர் அவளுக்குப் பிடிபடவில்லை. "ரொம்ப நேரம் நின்னாளா?"

"ரொம்ப நேரம்னுதான் போட்டிருக்கு."

"கை?"

"என்ன கை?"

"கை என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு பாரு. பேப்பர்ல போட்டிருப்பான்."

தேடினேன். இருந்தது. "சாவியைத் தடவிக்கிட்டே இருந்தாளாம். ரொம்ப அழகா இருந்ததாம்."

அம்மா சிரித்தாள், வெர்னா. கிண்டலாக இல்லை. தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் சிரிக்கிற சிரிப்பு. "அழகாவது. வரி போயிடுச்சு அவளுக்கு. வேணும்னு நிக்கிறவளுக்குக் கை சும்மா இருக்கும். தேடறவ கைதான் எதையாவது தடவும்."

நான் துண்டை மடித்தேன்.

"ஒருத்தன்கூட எடுத்துக் கொடுக்கலயா?"

"இல்ல."

"பாவம்." கையில் இருந்த பட்டாணியைப் பார்த்தாள். "ரொம்பப் பயந்திருப்பா." கொஞ்ச நேரம் கழித்து நீலக் கவுன் எங்கே என்று கேட்டாள்.

ஊர் முழுக்கப் பாராட்டிய ஒன்றை எங்கே பிழை என்று பார்த்த ஒரே ஆள் அவள்தான். நீ யார் என்பதே தெரியாமல் பார்த்தாள்.

நேற்று இண்டியானாபொலிஸில் ஒரு மருத்துவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மறதி, நரம்பு நோய்களைப் பார்ப்பவர். நவம்பர் பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை. நியூயார்க்குக்கு முன்னால் உங்களுக்கு ஒரு வாரம் ஓய்வு என்று துண்டிலேயே போட்டிருக்கிறது, ஆகவே சாக்குச் சொல்லாதே. இரண்டு பெயர் கொடுத்திருக்கிறேன். அங்கே எழுதிக்கொண்ட பெண், "இதுல பேஷண்ட் யாருங்க?" என்று கேட்டாள். "அது இன்னும் தெரியாது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "ரெண்டு பேரையும் எழுதிக்கோம்மா" என்றேன்.

அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. ஒன்றும் சொல்ல முடியாமல்கூடப் போகலாம். அது பயமா நோயா என்று உன்னால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. என்னாலும் முடியவில்லை. இத்தனை வருடம் முயன்று பார்த்துவிட்டேன்.

வருகிறாயா?

பிரதியின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். வரியை இங்கே எழுதவில்லை. எனக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

ஆர்டித்


நியூ ஹேவன்
நவம்பர் 6

அன்புள்ள ஆர்டித்,

கையைப் பற்றி அம்மா சொன்னதை நேற்று மாலை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி இடம் வந்ததும் கையைச் சும்மா வைத்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. அது தானாகவே சாவியைத் தேடிப் போயிற்று. கஸ் வழக்கம்போலத் தலையாட்டினான்.

வருகிறேன். சனிக்கிழமை கடைசிக் காட்சி. ஞாயிறு ரயில் ஏறினால் திங்கள் மதியம் மன்சியில் இருப்பேன். ஸ்டேஷனுக்கு வராதே, பள்ளியை விட்டு வர வேண்டாம். ஹாலர் என்ன என்று கேட்டான். தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "உனக்குத் தங்கை இருக்கா?" என்றான். இத்தனை வருடத்தில் அவனிடம்கூடச் சொன்னதில்லை போலிருக்கிறது.

பிரதியை இங்கேயே கஸ்ஸிடம் விட்டுவிட்டு வருகிறேன். கையில் புத்தகம் இருக்காது.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. ஓட்டிஸ் சொன்னதை நான் அன்று செய்யவில்லை. அதை உன் வீட்டு வாசலில் செய்யப் போகிறேன். நீ பள்ளியிலிருந்து வரும்வரை ஸ்டேஷனிலேயே காத்திருந்துவிட்டு வருவேன். மூன்று சுற்று சுற்றுவேன். மிஸஸ் பிக்கார்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பார்க்கட்டும், நடிகைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் சொல்லட்டும். பிறகு தட்டுவேன்.

கதவைத் திற. அம்மாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொள். ஆனால் உடனே எதுவும் பேசாதே, உள்ளே வா என்றும் சொல்லாதே. நான் அந்த வரியைச் சொல்லப் பார்ப்பேன். வந்தால் நல்லது. வராவிட்டாலும் நீ எடுத்துக் கொடுக்க வேண்டாம். என் கையைப் பாருங்கள், அது போதும், உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

எது நடந்தாலும் சரி. கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, அப்புறம் என்னை உள்ளே கூப்பிடு.

வெர்னா